விமான நிலையத்தில் கேட்ட முறுமுறுப்பு



2024-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் தேதி, சனிக்கிழமை மாலை. மறுநாள் ஆராதனையில் தேவசெய்தி கொடுக்கும்படி சென்னையிலுள்ள ஒரு சபையார் என்னை அழைத்திருந்தார்கள். கைப்பையில் வேதாகமமும் பிரசங்கக் குறிப்பும் இருந்தன. குறிப்பின் தலைப்பு "முறுமுறுப்பு". எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தில், மன்னாவைத் தின்று சலித்த ஜனங்கள் எகிப்தின் வெள்ளரிக்காயையும் வெண்காயத்தையும் வெள்ளைப்பூண்டையும் நினைத்து அழுத பகுதி. மும்பையில் ஊழியம் செய்கிற எவனும் ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தப் பகுதியைப் பிரசங்கியாமல் இருக்க முடியாது. குழாயில் தண்ணீர் வரவில்லை, லோக்கல் ரயிலில் கால் வைக்க இடமில்லை, வீட்டுக்காரர் முன்பணத்தை உயர்த்திவிட்டார் என்று வாரமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் ஜனங்களுக்கு மோசேயின் காலத்து வனாந்தரம் அந்நிய தேசமன்று. அந்தச் செய்தியை நான் பலமுறை கொடுத்திருக்கிறேன். நன்றாகவே கொடுத்திருக்கிறேன் என்றும் எண்ணியிருந்தேன்.

என்னோடு எங்கள் சபையின் மூத்த தாயார் ஒருவரும் வந்தார். வயது 74. திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1969-இல் மணமகளாய்த் தாராவிக்கு வந்தவர். சென்னையில் அவருடைய மூத்த சகோதரி மருத்துவமனையில் கடைசி நாட்களில் இருந்தார். மகனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. "ஐயா போகிற விமானத்திலேயே அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று கேட்டுக்கொண்டார். தாயாருக்கு அதுவே முதல் விமானப் பயணம்.

தொல்லை வாசலிலேயே தொடங்கியது. அவருடைய ஆதார் அட்டையில் ஒரே ஒரு பெயர்தான் உண்டு. நம்மில் பலருக்கு அப்படித்தான். தகப்பன் பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும் போதுமென்று வாழ்ந்தவர்கள் நாம். ஆனால் பயணச்சீட்டுப் பதிவு செய்யும் கணினிக்குக் குடும்பப்பெயர் என்றொரு கட்டம் உண்டு. அதை வெறுமையாய் விட்டால் அது அடுத்த பக்கத்திற்கு நகராது. ஆகவே மகன் அதே பெயரை இரண்டாம் முறையும் தட்டச்சு செய்திருந்தார். வாயிற்காவலர் சீட்டையும் அட்டையையும் மாறிமாறிப் பார்த்து, பெயர் ஏன் இரண்டு தரம் இருக்கிறது என்று இந்தியில் கேட்டார். நான் விளக்கினேன். அவர் வேறொருவரை அழைத்தார். அவருக்கும் விளக்கினேன். பக்கத்து வரிசையில் இளைஞர்கள் டிஜி யாத்ரா கருவிக்கு முகத்தைக் காட்டிவிட்டுக் கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது பாதுகாப்புச் சோதனை. தாயாரின் துணிப்பையிலிருந்து மாங்காய் ஊறுகாய்ப் புட்டி ஒன்று வெளியே வந்தது. 15 கிலோ பெட்டியில் வைத்திருந்தால் போயிருக்கும், கைப்பையில் ஊறுகாய்க்கு அனுமதியில்லை. சகோதரிக்கென்று தாமே வெயிலில் காயவைத்துப் போட்ட ஊறுகாய். அதை வாங்கி ஓரமாய் வைத்துவிட்டார்கள். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. புட்டியை மட்டும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அவருக்கும் சேர்த்து நான் முறுமுறுத்தேன்.

மும்பையின் இரண்டாம் முனையம் 2014-இல் திறக்கப்பட்டது. வெண்மையான பெருந்தூண்கள் மேலே விரிந்து, மயில் தோகையின் கண்களைப்போல் கூரையெங்கும் வெளிச்சம் சிந்துகின்றன. முதல்முறை பார்க்கிற எவரும் அண்ணாந்து நிற்பார்கள். தாயாரும் நின்றார். "சாலொமோன் கட்டினது இப்படித்தான் இருந்திருக்குமோ, ஐயா?" என்றார். மதிலுக்கு வெளியே தகரக் கூரைகளும் நீலத் தார்ப்பாய்களும் நெருங்கிக் கிடக்கின்றன என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 50 ஆண்டுகளுக்கு மேலாக அவ்விதமான கூரையின் கீழிருந்து, தலைக்கு மேலே தாழ்ந்து போகும் விமானங்களைப் பார்த்து வாழ்ந்தவர் அவர்.

இரவு 9.15-க்குப் புறப்பட வேண்டிய விமானம் 10.40-க்குத் தள்ளிப்போனது. பிறகு 12.20. மும்பை நிலையத்தில் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் 2 ஓடுபாதைகள் உண்டு. குறுக்கே வெட்டுவதால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். உலகத்தின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று ஒற்றையடிப் பாதையில் போய்வருவதைப் போன்றது இது. ஒரு விமானம் பிந்தினால் பின்னால் வருகிறவை எல்லாம் பிந்தும். (2025 டிசம்பரில் நவி மும்பையில் புதிய நிலையமொன்று இயங்கத் தொடங்கிற்று. எங்கள் பயணம் அதற்கு முந்தியது.)

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகச் சிறு விமானமொன்றைத் தாமே ஓட்டிவந்து பம்பாயின் ஜூஹூ திடலில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டிச் சென்றார். ஆக, அந்த விமானத் தபால் தடத்தின் கடைசிக் கண்ணியே பம்பாய்–சென்னைதான். அந்த விமானத்தில் போனவை கடிதங்கள். கடிதங்கள் முறுமுறுப்பதில்லை.

காத்திருப்புக் கூடத்தில் நாங்கள் அப்படி இருக்கவில்லை. என் இடப்பக்கத்தில் ஒருவர் தேநீரின் விலையைக் குறித்துக் கசந்துகொண்டார். எதிரே ஒரு பெண்மணி, தாம் ரயிலிலேயே போயிருக்கலாம் என்றார். தாதரிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகும் என்பதை அவர் அப்போது மறந்திருந்தார். எகிப்தின் வெள்ளரிக்காய்! வேறொருவருடைய கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்டது. சீட்டு கைப்பேசிக்குள் இருந்ததால் அவர் தூண் தூணாய்ச் சுற்றிக்கொண்டிருந்தார்.

வேதாகமக் கல்லூரியில் எபிரெயம் கற்ற நாட்களில் எங்கள் ஆசிரியர் ஒன்றைக் காட்டினார். யாத்திராகமம் 16-இல் முறுமுறுப்பைக் குறிக்கும் சொல் "லூன்". அதே ஒலியுடைய சொல்லுக்கு "இராத்தங்குதல்" என்றும் பொருளுண்டு. பழைய அகராதிகள் இரண்டையும் ஒரே வேரில் அடக்கின, பிற்காலத்தவர் இரண்டு வேர்களாகப் பிரித்தார்கள். பிரித்தது சரியாகவே இருக்கலாம். ஆனால் தாமதமான விமானத்திற்காக இரவில் காத்திருந்தவர்கள், பழைய அகராதிக்காரர்கள் அனுபவத்தால் எழுதினார்கள் என்றே எண்ணுவார்கள்.

இரண்டு மணி நேரத்திற்கு மேல் தாமதமானால் பயணிகளுக்குச் சிற்றுண்டி தரவேண்டும் என்ற விதியை நான் அறிந்திருந்தேன். அந்த அறிவோடு எழுந்து போய், மேசைக்குப் பின்னால் நின்ற இளம்பெண்ணிடம் 10 நிமிடம் பேசினேன். சுவிசேஷகனுக்குத் தகாத குரலில் பேசினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவள் முகத்தில் களைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. கடைசியில் வெந்நீர் ஊற்றிய கிண்ண உப்புமாவும் ஒரு பழச்சாறும் கிடைத்தன. அவற்றைத் தாயாரிடம் கொடுத்துவிட்டு, கைப்பேசியை ஒரு தூணில் மின்னேற்ற வைத்துவிட்டு, காலாற நடந்து வருவதாகச் சொல்லிப் புறப்பட்டேன்.

காலாற நடக்கவில்லை. அன்றிரவு பெங்களூரில் சென்னை அணிக்கும் பெங்களூரு அணிக்கும் ஐ.பி.எல். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இந்தக் கிரிக்கெட்டைக் குறித்து நான் மேடையிலிருந்து எத்தனையோ சொல்லியிருக்கிறேன். காரணம் உண்டு. 2019 மே 12-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, மும்பையும் சென்னையும் இறுதியாட்டம் ஆடின. எங்கள் மாலைக் கூடுகையில் வாலிபர் பகுதி வெறிச்சோடிக் கிடந்தது. மும்பை 1 ஓட்டத்தில் வென்றது. எந்த அணிக்காகத் துக்கிப்பது, எந்த அணிக்காக மகிழ்வது என்று தெரியாமல் எங்கள் பிள்ளைகள் ஒரு வாரம் அலைந்தார்கள். பிறந்த ஊரும் பெற்றோரின் ஊரும் எதிரெதிரே நின்றால் பிள்ளை என்ன செய்வான்? அதை நான் அன்று யோசிக்கவில்லை. ஓய்வுநாளைப் பற்றி மட்டும் பிரசங்கித்தேன்.

இப்போதோ ஒரு தமிழ் வாலிபனின் தோளுக்குப் பின்னால் நின்று அவனுடைய கைப்பேசியை எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தேன். பெங்களூரு 218 எடுத்திருந்தது. சென்னை தோற்றாலும் 201 எடுத்தால் அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்று அவன் எனக்குக் கணக்கு விளக்கினான். கடைசி ஓவரில் 17 வேண்டும். முதல் பந்தில் தோனி ஆறு அடித்தார். கூடத்தில் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். அடுத்த பந்தில் அவர் ஆட்டமிழந்தார். சென்னை 191-இல் நின்றது. "எல்லாம் போச்சு, அங்கிள்" என்றான் வாலிபன். நானும் பெருமூச்சு விட்டேன். எத்தனை நிமிடங்கள் அங்கே நின்றேன் என்று அப்போதுதான் நினைத்தேன்.

திரும்பி வந்தபோது எங்கள் வாயிலில் ஒருவரும் இல்லை. வரிசை வரிசையாய்க் காலி நாற்காலிகள். நடுவில் தாயார் மட்டும் துணிப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். உப்புமாக் கிண்ணம் திறக்கப்படவில்லை.

"எல்லாரும் எழும்பிப் போய்ட்டாங்க, ஐயா. அந்தப் பிள்ளை ஏதோ சொல்லுச்சு. எனக்கு விளங்கல. கூடப் போனா நீங்க என்னைத் தேடுவீங்கன்னு இங்கேயே இருந்துட்டேன்."

விமானம் வேறு வாயிலுக்கு மாற்றப்பட்டிருந்தது. அந்த நிலையத்தில் 2018 முதல் ஒலிபெருக்கி அறிவிப்புகளைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். அமைதி நிலையம் என்று பெயர். திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கைப்பேசிக்கும் செய்தி வந்திருந்தது. அது தூணில் தொங்கிக்கொண்டிருந்தது. மேசையிலிருந்த பெண் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒருமுறை வாயால் சொல்லியிருக்கிறாள். தாயாருக்கு இந்தி தெரியாமலில்லை. காய்கறிக்காரனிடம் பேரம் பேசும் இந்தி தெரியும். ரயில் நிலைய அறிவிப்பில் "கேத் ஹை" என்று வந்தால் வண்டி பிந்துகிறது என்றும் தெரியும். நம் வேதாகமத்தை ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை 7 முறை வாசித்து முடித்தவர் அவர். அந்தத் திரையின்முன் அவர் எழுத்தறியாதவராய் இருந்தார்.

அவரைக் கைத்தாங்கலாய்ப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் நடந்தேன். கடைசி அழைப்பு முடிவதற்குள் போய்ச் சேர்ந்தோம். நடந்தபோது அவர் பேசவில்லை. எனக்குள் வேறொரு குரல் பேசிற்று. அது அவருடைய பேரனின் குரல்.

பேரனுக்கு அப்போது வயது 17. வீட்டில் தமிழ் பேசுவான். பள்ளியில் படித்தவை ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும். தாராவியில் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. ஆனால் பிழைப்பை எண்ணி நம் பெற்றோர் ஆங்கிலவழிப் பள்ளிகளைத் தேடுகிறார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு வாயில்லை. என் பிள்ளைகளையும் அங்கேதான் சேர்த்தேன். அவன் பேசுகிற தமிழ் வேறு, நாம் மேடையில் பேசுகிற தமிழ் வேறு. நம் வேதாகமத்தின் தமிழ் 1871-இல் முழுமையாக வெளிவந்த திருப்புதலின் தமிழ். நமக்கு அது தேனாய் இருக்கிறது. ஆனால் "பிராயச்சித்தம்", "பிரதிஷ்டை", "அங்கலாய்ப்பு" என்பவை அவனுக்குத் திரையில் ஓடும் அந்நிய எழுத்துகள். அந்த ஆண்டு ஜனவரியில் அவன் என்னிடம் வந்து, "பாஸ்டர், எல்லாரும் ஆமென் சொல்லும்போது நானும் சொல்றேன். எதுக்குன்னு தெரியல. கொஞ்சம் இந்தியிலயோ இங்கிலீஷ்லயோ சொன்னா நல்லாருக்கும்" என்றான். அவனோடு மற்ற வாலிபரும் இதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் என்ன செய்தேன்? தாய்மொழியை மறந்த தலைமுறை என்று வருந்தினேன். 1960-களில் தென்னிந்தியருக்கு எதிராக இந்நகரத்தில் கிளர்ச்சி எழுந்தபோதும் தமிழிலேயே ஆராதித்த நம் முன்னோரைப் பற்றிச் சொன்னேன். அடுத்த ஞாயிறு எண்ணாகமம் 11-ஐ எடுத்து முறுமுறுப்பைக் கண்டித்தேன். அதே குறிப்புத்தான் அன்றிரவு என் பையில் இருந்தது.

மொழியைப் பற்றிய முறுமுறுப்பு நமக்கு மட்டும் உரியதன்று. 2025-இல் முதல் வகுப்பிலிருந்தே இந்தி என்ற அரசாணை வந்தபோது மராத்தி மக்கள் எதிர்த்தார்கள். ஜூன் 29-ஆம் தேதி அது திரும்பப் பெறப்பட்டது. தங்கள் சொந்த மண்ணிலேயே தங்கள் மொழிக்கு இடமில்லாமல் போகுமோ என்று அஞ்சுகிறவர்களைப் பார்த்து, முறுமுறுக்காதே என்று யார் சொல்வார்கள்?

விமானம் எழும்பியபோது தாயார் கண்களை மூடி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே விளக்குகள் சிதறிக் கிடந்தன. நான் குறிப்பை எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தேன். அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. எருசலேம் சபையில் கிரேக்கு பேசும் விதவைகள் அன்றாடப் பராமரிப்பில் விடப்பட்டுப்போனார்கள். அவர்களைச் சேர்ந்தவர்கள் முறுமுறுத்தார்கள். நம் வேதாகமம் அங்கேயும் அதே சொல்லைத்தான் போடுகிறது. கிரேக்க மூலத்திலும், முறுமுறுப்பில்லாமல் எல்லாவற்றையும் செய்யும்படி பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது பயன்படுத்துகிற அதே சொல்தான். ஆனால் பேதுருவும் மற்றவர்களும் வனாந்தரத்தை நினைவூட்டி அவர்களை அடக்கவில்லை. சபையைக் கூட்டினார்கள், 7 பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். கல்லூரியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த பெயர்கள் அவை. எந்த மொழிக்காரர் முறுமுறுத்தார்களோ அந்த மொழியின் பெயருடையவர்களிடமே பந்தி விசாரணை ஒப்படைக்கப்பட்டது என்பதை 30 ஆண்டு ஊழியத்தில் நான் ஒருமுறையும் நின்று பார்த்ததில்லை.

சென்னையில் இறங்கும்போது இரவு இரண்டரையைத் தாண்டியிருந்தது. விடிந்ததும் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். சகோதரி நினைவோடு இருந்தார். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது, "ஊறுகாய் கொண்டாந்தியா?" என்பதுதான். இருவரும் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். அதற்குப் பின் 11 நாட்கள் அவர் உயிரோடிருந்தார். அந்த 11 நாளும் தங்கை அருகிலிருந்தார். அன்று காலை ஆராதனையில் நான் எண்ணாகமத்தைத் திறக்கவில்லை.

மும்பைக்குத் திரும்பியதும் மூப்பர்களோடு பேசினேன். எளிதாய் முடியவில்லை. தமிழ்ச் சபை என்ற பெயர் என்னாகும் என்று ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. கடைசியில், செய்தியை ஒரு வாலிபன் பத்தி பத்தியாய் இந்தியில் சொல்வதென்றும், பாடல் வரிகளைத் திரையில் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் போடுவதென்றும், ஆராதனைக்கு முன் முக்கால் மணி நேரம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிப்பதென்றும் தீர்மானித்தோம். எழுத்து வகுப்பை நடத்துகிறவர் அந்தத் தாயார். 9 பிள்ளைகள் வருகிறார்கள். முதல் மாதம் 14 பேர் வந்தார்கள். மொழிபெயர்க்கிறவன் அவருடைய பேரன். முதல் வாரம் "பிராயச்சித்தம்" என்று நான் சொன்னதும் அவன் நின்றுவிட்டான். நான் எளிய தமிழில் விளக்கிச் சொல்ல முயன்றேன். எனக்கும் நேரம் பிடித்தது. அப்போது முன்வரிசையில் இரண்டு பெரியவர்கள் வேதாகமத்தை மூடிவிட்டு உற்றுக் கேட்டதைக் கவனித்தேன்.

இப்போது முறுமுறுப்பு வேறு பக்கத்திலிருந்து வருகிறது. ஆராதனை 25 நிமிடம் நீண்டுவிட்டது, வீட்டில் சாப்பாடு ஆறிப்போகிறது என்கிறார்கள். இடையிடையே நிறுத்துவதால் செய்தியில் அனல் குறைந்துவிட்டது என்று ஒரு மூப்பர் சொன்னார். போன வாரம் அந்தத் தாயாரே என்னிடம் வந்தார். "ஐயா, எம்பேரன் ரொம்ப வேகமா பேசுறான். நீங்க முடிக்கும் முன்ன ஆரம்பிச்சுடுறான். உங்க கடைசி வார்த்தை எனக்குக் கேக்கவே மாட்டேங்குது" என்றார்.

எழுதி வைத்துக்கொண்டேன். வருகிற மூப்பர் கூட்டத்தில் அதுவே முதல் பொருள்.